கண்ணாடித் தொட்டியில் ஒரு நோயாளி

"மீனுக்கு மருந்தா மௌலவி? மஞ்சளும் உப்பும் பெரட்டி எண்ணெயில போடுங்க, வருத்தமெல்லாம் சுகமாயிரும்!"

2021ஆம் ஆண்டு மாரி காலத்தில் ஒரு நாள், எங்கள் ஊர்ப் பாமசியில் நின்று "மீனுக்குப் போடும் மருந்து இருக்கிறதா?" என்று நான் கேட்டபோது, பக்கத்தில் நின்ற மீனவச் சகோதரர் ஒருவர் சொன்ன பதில் இது. கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்முனைக் கரையில் பிறந்தவர்களுக்கு மீன் என்றால் அது சூடை, கீரி, பாரை, சூரை. கரைவலையில் வந்து, சைக்கிள் பெட்டியில் ஏறி, வாசலில் கூவி விற்கப்பட்டு, சட்டிக்குள் போவது. அதற்கு வருத்தம் வரும், அதற்கும் வைத்தியம் உண்டு என்பது நமக்குப் பழக்கமில்லாத பேச்சு.

ஆனால் அன்று எனக்கு உள்ளே சிரிப்பு வரவில்லை. வீட்டில் ஒரு மீன் மௌத்தாகி நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. மற்றது சாகக் கிடந்தது. என் இளைய மகள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சகோதரிகளே! இன்று நமது வீடுகள் பலவற்றில் வரவேற்பறை மூலையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. பிள்ளை கேட்டது என்று வாங்கிவிடுகிறோம். வாங்கிய அன்று பராமரிப்பும் சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. அது பெரும்பாலும் உங்கள் கைக்குத்தான் வருகிறது. ஆகவே, நான் தவறு செய்து கற்றுக்கொண்டதை நீங்கள் தவறு செய்யாமலே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் செய்த வைத்தியம்

மகள் குர்ஆனை ஒருமுறை ஓதி முடித்த மகிழ்ச்சிக்காக, இரண்டு தங்கமீன்களும் ஒரு வட்டக் கண்ணாடிச் சாடியும் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றுக்குத் தங்கம் என்றும் மற்றதற்குப் பவளம் என்றும் அவளே பெயர் வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சாப்பாடு போட்டார்கள். ஒருவர் தீனி போட்டார், ஒருவர் பாண் துண்டு போட்டார், உம்மம்மா இரண்டு சோற்றுப் பருக்கையும் போட்டா.

இரண்டு கிழமைகள் கழித்து ஒரு மாலையில் தங்கம் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் உடனே வைத்தியரானேன். சாடியை முழுவதுமாகக் காலி செய்தேன். கற்களையும் கண்ணாடியையும் தேய்த்துக் கழுவினேன். குழாயைத் திறந்து நேராகத் தண்ணீர் பிடித்து நிரப்பினேன். போதாதென்று, வீட்டில் எஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக் கெப்சியூல் ஒன்றை உடைத்துத் தூவினேன். சுபஹுத் தொழுகைக்கு எழுந்தபோது தங்கம் பக்கவாட்டில் மிதந்தது.

"நான் கூடச் சாப்பாடு போட்டதாலயா வாப்பா மௌத்தாச்சி?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல மகள், அல்லாஹ்ட நாட்டம்" என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் எனது அறியாமையை நான் ஒளித்து வைத்தேன் என்பதும் உண்மை. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றிய ஹதீஸை அந்தக் கிழமைதான் மாணவர்களுக்கு நடத்தியிருந்தேன். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் அது. அடைத்து வைத்த உயிர் தன் தேவையைத் தானே தேடிக்கொள்ள முடியாது. அடைத்தவர்தான் அதற்குப் பொறுப்பு. வட்டச் சாடிக்குள் இருக்கும் மீனும் அப்படித்தானே?

பிள்ளைகள் சிற்றுயிர் வளர்ப்பதை மார்க்கம் வெறுக்கவில்லை. அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு குருவி வைத்திருந்தார். அது இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். ஒரு பிள்ளையின் குருவித் துக்கமும் விசாரிக்கத் தக்கது என்பதை அதில் காண்கிறோம். நானோ என் பிள்ளையின் துக்கத்தை ஒரு வசனத்தில் மூடிவிட்டிருந்தேன்.

முதல் நோயாளி தண்ணீர்

நான்காம் நாள் பவளத்தின் உடம்பில் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் கண்டன. பாமசியில் சிரிப்பு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், முற்றத்தில் தொட்டிகள் வைத்து மீன் வளர்க்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் போனேன். மீனுக்கு என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை.

"தண்ணி மாத்தி எத்தின நாள் ஹஸ்ரத்?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. மீன் தன் கழிவை அமோனியாவாக, பெரும்பாலும் செவுள் வழியாகவே, தண்ணீரில் விடுகிறது. நாம் கறிக்கு மீன் ஆயும்போது பிய்த்தெறியும் அந்தச் சிவந்த பூதான் செவுள். மூச்சும் அதனால்தான். தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியா உண்டாகும். அது கூடினால் செவுள் வெந்து போகும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். தங்கத்துக்கு நடந்தது இதுதான்.

குளத்தில் ஏன் இப்படி நடப்பதில்லை? கல்லிலும் மண்ணிலும் செடியிலும் ஒட்டி வாழும் நல்ல பக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்பு தீமை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. அதைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். புதுத் தொட்டியில் இந்தப் பக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். நானோ கற்களையெல்லாம் தேய்த்துக் கழுவி, இருந்த சிறிதளவு பக்டீரியாவையும் ஒழித்தேன். மிஞ்சியதற்குக் கெப்சியூலைத் தூவினேன். அதன்மேல் குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். நமக்குக் கிருமி நீக்கித் தரும் குளோரின் மீனின் செவுளுக்கு நஞ்சு. ஒரே இரவில் மூன்று அடிகள்.

இதை உலகம் அறிந்து வெகுகாலமாகிறது. லண்டன் இரசாயன அறிஞர் ரொபர்ட் வாரிங்டன் 1850இல் தமது பரிசோதனையை வெளியிட்டார். 12 கலன், அதாவது ஏறத்தாழ 54 லீற்றர் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்தார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியபோது, அழுகியதைத் தின்னும் நத்தைகளை விட்டார், தண்ணீர் தெளிந்தது. மூன்று ஆண்டுகளின் பின், 1853இல், லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டு சின்ன மீன்களுக்கு அவர் 54 லீற்றர் கொடுத்தார். நான் கொடுத்தது ஐந்து லீற்றர் சாடி.

ஆகவே மீன் சோர்ந்திருந்தால், மருந்தைத் தேடுமுன் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மாற்றுங்கள். முழுவதையும் மாற்ற வேண்டாம். குழாய்த் தண்ணீரை அகன்ற வாளியில் பிடித்து, மூடாமல் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் துளிமருந்தைப் பயன்படுத்தலாம். கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் கடலோரக் கிணறுகளின் உவர்ப்பு வீட்டுக்கு வீடு மாறும். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின் நமது கிணறுகள் உவர்த்துப் போனதை யாரும் மறக்கவில்லை. ஒரு வகைத் தண்ணீரில் பழகிய மீனை ஒரே நாளில் மற்ற வகைக்கு மாற்ற வேண்டாம். சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

வெண்புள்ளி நோய்

பவளத்துக்கு வந்தது வெண்புள்ளி நோய். நன்னீர்த் தொட்டிகளில் மிக அதிகமாகக் காணும் நோய்களில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியே காரணம். பெரும்பாலும் கடையிலிருந்து புது மீனோடு சேர்ந்து வரும். மீன் களைத்த நேரம் பார்த்துப் பெருகும். மாரி காலத்தில் இரவில் தண்ணீர் குளிர்ந்து பகலில் சூடேறுவதும் மீனைக் களைக்கச் செய்யும். உடம்பிலும் செட்டையிலும் வெள்ளைப் புள்ளிகள், கல்லில் உடம்பை உரசுதல், செட்டையை ஒடுக்கி வைத்தல், வேகமான மூச்சு ஆகியவை அடையாளங்கள்.

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையை விளங்கிக்கொண்டால்தான் வைத்தியம் விளங்கும். புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் தோலுக்குள் புதைந்திருக்கிறது. அப்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. கொழுத்தபின் மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியில் ஒட்டி, கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். குஞ்சுகள் நீந்திவந்து வேறு மீனைப் பிடிக்கும். ஓரிரு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். நீந்தும் அந்தக் குஞ்சுகளைத்தான் நாம் கொல்ல முடியும்.

இதிலிருந்து மூன்று விடயங்கள் தெளிவாகின்றன. ஒன்று, ஒரு மீனில் புள்ளி கண்டால் தொட்டியிலுள்ள எல்லா மீனுக்கும் வைத்தியம் வேண்டும். இரண்டு, மீன்கள் அனைத்தையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, பழைய தொட்டியை மீனில்லாமல் ஒரு கிழமை விட்டால், நமது வெப்பத்தில் அங்குள்ள ஒட்டுண்ணி அழிந்துவிடும். மூன்று, புள்ளிகள் மறைந்த அன்று நோய் போய்விடவில்லை. அது அடியில் இறங்கியிருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் வைத்தியத்தை நிறுத்தி ஏமாறுகிறார்கள்.

உப்பு வைத்தியம்

மீனவச் சகோதரர் பரிகாசமாகச் சொன்னதில் பாதி சரியாகத்தான் இருந்தது. மஞ்சள் வேண்டாம், அது தண்ணீரைக் கலக்கும். உப்பு மருந்துதான், அளவோடு போட்டால்.

பத்து லீற்றருக்கு மேல் கொள்ளும் சுத்தமான பிளாஸ்டிக் பேசினை எடுங்கள். சவர்க்காரம் பட்ட பாத்திரம் வேண்டாம். பத்து லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம் உப்பு. தூளுப்பானால் மட்டமான நான்கு தேக்கரண்டி அளவு. கல்லுப்பானால் நிறுத்துப் போடுவதே நல்லது. இதை ஒரேயடியாகப் போடாமல் மூன்று பங்காக்கி, 12 மணித்தியாலத்துக்கு ஒரு பங்காக, வேறு கிண்ணத்தில் கரைத்து மெல்ல ஊற்றுங்கள். சமையல் உப்பிலுள்ள அயடின் இந்த அளவில் மீனுக்குத் தீங்கு செய்யாது.

நாளொன்றுக்கு மூன்று லீற்றர் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, அதே அளவு புதுத் தண்ணீர் சேருங்கள். உப்பு ஆவியாகிப் போகாது. எனவே எடுத்த மூன்று லீற்றருக்குரிய ஒரு தேக்கரண்டி உப்பை மட்டும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் நான்கு கரண்டி போட்டால் சில நாளில் மீன் கருவாடாகிவிடும்!

காற்றுப் பம்பு கட்டாயம் வேண்டும். முதல் ஓரிரு நாட்கள் தீனி வேண்டாம். பிறகு கிள்ளிப் போட்டால் போதும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் நிறுத்தாமல், மொத்தம் 14 நாட்கள் தொடருங்கள். தங்கமீன், கப்பி, மொலி ஆகியவை இந்த உப்பைத் தாங்கும். செதிலில்லாத கெளுத்தி வகை மீன்களும், பல நீர்ச்செடிகளும் தாங்கா. அவற்றுக்கு அறிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பவளத்தின் புள்ளிகள் நான்காம் நாள் மறைந்தன. மகள் சுவரில் கலண்டரில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டாள். ஏழாம் நாளில் "போதும்தானே வாப்பா?" என்றாள். "இன்னும் ஏழு நாள் இருக்கு மகள்" என்றேன். அன்றுதான், தங்கம் மௌத்தானதற்கு அவள் காரணமில்லை, சின்னச் சாடி வாங்கியதும் தண்ணீரைத் தவறாக மாற்றியதும் நான்தான் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உப்புக் கரைத்த கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி அவளே ஊற்றினாள்.

வேறு சில நோய்கள்

செட்டையின் ஓரம் பிய்ந்து, வெளுத்து, நாளுக்கு நாள் தேய்ந்தால் அது செட்டை அழுகல். அழுக்குத் தண்ணீரே அதன் தாய். தொடக்கத்தில் கண்டால், தண்ணீரைத் தொடர்ந்து சுத்தமாக வைப்பதே பெரும்பாலும் போதும். செட்டை மீண்டும் வளரும்.

காயத்தின் மேல் பஞ்சு ஒட்டியது போலக் கண்டால் அது பூஞ்சணம். மேற்சொன்ன உப்பு உதவும். கடைகளில் கிடைக்கும் மெத்திலீன் நீலமும் பயன்படும். ஆனால் அதைத் தனிப் பேசினில்தான் போட வேண்டும். பெரிய தொட்டியில் போட்டால் நல்ல பக்டீரியாக்களைக் கெடுக்கும்.

வயிறு உப்பி, தலைகீழாக மிதந்தால் பல வேளைகளில் அது அதிகத் தீனியின் விளைவு. தங்கமீனுக்கு நமக்கிருப்பது போன்ற இரைப்பை கிடையாது. இரண்டு நாட்கள் தீனியை நிறுத்தி, பின்பு தோல் நீக்கி அவித்த பச்சைப் பட்டாணியில் ஒரு துண்டை நசித்துக் கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைத் தீனி. வீட்டில் ஒருவர் மட்டும் போடுவது என்று முடிவு செய்தால் பாதி நோய் வராது.

செய்யக்கூடாதவை

மனிதருக்கு வாங்கிய அன்டிபயோட்டிக்கை மீனுக்குத் தூவாதீர்கள். ஒட்டுண்ணிக்கும் அமோனியாவுக்கும் அது மருந்தல்ல. நல்ல பக்டீரியாவை அழிக்கும். கண்டபடி பாவித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவும் வழி செய்யும்.

மலகைற் பச்சை கலந்த மருந்துகள் வெண்புள்ளிக்கு விற்கப்படுகின்றன. அவை வீரியமானவை. கையுறை இல்லாமல் தொட வேண்டாம். கர்ப்பிணிகள் அறவே தொட வேண்டாம். உண்ணும் மீனுக்கு ஒருபோதும் ஆகாது.

கையில் வெட்டுக் காயத்தோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன்தொட்டித் தண்ணீரிலிருந்து காயத்தில் தொற்றி, மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி உண்டு. தண்ணீரை உறிஞ்சும் குழாயை வாயால் இழுக்கவும் வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்று மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவதை இரக்கம் என்று எண்ணாதீர்கள். அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கத்தி மீனும், தொட்டி துப்புரவாக்கும் மீனும் இன்று நமது நாட்டு நீர்நிலைகளில் பெருகி, சொந்த மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன. 1929இல் பி. ஈ. பி. தெரணியகல விவரித்துப் பெயரிட்ட செந்நிறத் தித்தெய்யா மீன் இலங்கைக்கே உரியது. உலகெங்கும் தொட்டிகளில் நீந்தும் அதன் சொந்த வீடு நமது ஓடைகள்தான். அந்த வீட்டுக்குள் நோயாளி மீனையும் வெளிநாட்டு மீனையும் அனுப்பலாமா? வளர்க்க முடியாவிட்டால் வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

வைத்தியம் தோற்கும் வேளை

உடம்பு வீங்கி, செதில்கள் அன்னாசித் தோல் போல விரிந்து நின்றால் உள்ளுறுப்புகள் பழுதாகிவிட்டன என்று பொருள். அதிலிருந்து மீள்வது மிக அரிது. தனிப் பேசினில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். அரச மிருக வைத்தியசாலையில் ஆலோசனை கேட்க வெட்கப்பட வேண்டாம். உயிரோடு மலசலகூடத்தில் ஊற்றுவது, வெயிலில் எறிவது போன்றவற்றைச் செய்யாதீர்கள். இறந்தால் முற்றத்தில் குழி தோண்டிப் புதையுங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும், கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

பவளம் 14 நாட்களைக் கடந்து பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். வட்டச் சாடியை விட்டு, இரண்டடி நீளத் தொட்டி ஒன்று வாங்கினோம். பழைய மாணவர் தமது தொட்டியில் ஊறிய வடிகட்டிப் பஞ்சு ஒன்றைத் தந்தார். அதில் நல்ல பக்டீரியாக்கள் இருந்தன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தபோது காற்றுப் பம்பு ஓடவில்லை. அப்போது மகள் கோப்பையால் தண்ணீரை அள்ளி, உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிக் காற்றுக் கலந்தாள். அந்த நாட்களில் தீனியையும் குறைத்தோம். இன்று பவளம் என் உள்ளங்கை நீளம் வளர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைகளில் தண்ணீர் மாற்றுவது மகளின் பொறுப்பு.

சென்ற மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பாமசியில் என்னைப் பரிகசித்த அதே மீனவச் சகோதரர். கையில் ஒரு சோடாப் போத்தல். அதற்குள் ஒரு சின்னக் கப்பி மீன்.

"பேத்திட மீன் மௌலவி. ராவெல்லாம் அழுறாள். மேலெல்லாம் என்னமோ வெள்ளையா இருக்கு, பாருங்களன்."

மஞ்சள் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"தண்ணி மாத்தி எத்தின நாள் காக்கா?" என்றேன்.